பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய அலாய் வீல்... எத்தனை இன்ச் வரை போகலாம்? வாங்கும் முன் இதைப் படிங்க!

பாப்பாரப்பட்டி. தருமபுரி மாவட்டத்தின் இந்தச் சிறிய பேரூராட்சியை வெளியூர்க்காரர்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு பெயர் போதும்: சுப்பிரமணிய சிவா. அந்தச் சுதந்திரப் போராட்ட வீரர் 1925 ஜூலை 23 அன்று காலமானது இங்கேதான். இன்று இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு வேலை ஓசூரிலோ பெங்களூருவிலோ. வார விடுமுறைக்கு ஊருக்கு வந்து போக ஒரு கார் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது இயல்புதான்.

அப்படி ஓர் இளைஞர், 20 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடக் காலத்தில் ஆசைப்பட்ட அதே ஸ்போர்ட்ஸ் மாடல். இன்ஜின் நன்றாக இருக்கிறது, பெயின்ட்டும் பரவாயில்லை. ஆனால், மட்கார்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் 14 இன்ச் வீல்தான் கண்ணை உறுத்துகிறது. 17 இன்ச் அலாய் மாட்டினால் எப்படி இருக்கும்? போனில் படம் பார்த்துப் பார்த்து, கடைசியில் வீட்டில் விஷயத்தைச் சொல்கிறார். "ஓடுற சக்கரத்தை எதுக்குடா மாத்துற?" என்கிறார் அப்பா.

அப்பாவின் கேள்வியும் நியாயம், மகனின் ஆசையும் நியாயம். சரியான அளவில் மாற்றினால் கார் வளைவில் இன்னும் உறுதியாக நிற்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். தவறான அளவில் மாற்றினால்? பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் முழுக் குடும்பத்தோடு இறங்கும்போது டயர் மட்கார்டில் உரசும். அல்லது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வீல் ஆட ஆரம்பிக்கும். அடிக்கடி விபத்துச் செய்திகளில் அடிபடும் அந்த இடத்தில், இப்படி ஒரு சோதனையை யாரும் விரும்ப மாட்டார்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது?

டயரில் எழுதியிருப்பது என்ன?

முதலில் இப்போது மாட்டியிருக்கும் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். '185/60 ஆர்14 82எச்' என்பது போல ஓர் எழுத்து வரிசை இருக்கும். இதில் 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 சதவிகிதம், அதாவது 111 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 82 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 475 கிலோ வரை தாங்கும் என்று அர்த்தம். 'எச்' என்பது வேகக் குறியீடு, மணிக்கு 210 கி.மீ. வரை.

மாஸ்டா நிறுவனம் 1989-ல் அறிமுகப்படுத்திய எம்.எக்ஸ்-5 காரும் இதே 185/60 ஆர்14 அளவோடுதான் வந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றதாக கின்னஸ் சாதனை படைத்த கார் அது. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு வீல் மாற்றுவது பற்றி உலகம் முழுக்க அதிகம் பேசப்பட்ட கார்களில் அதுவும் ஒன்று. அதனால், அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம்.

ரிம் பெரிதாகலாம்... சக்கரம் பெரிதாகக் கூடாது!

பலரும் தவறு செய்யும் இடம் இதுதான். ரிம்மை ஒரு இன்ச் கூட்டினால், டயரின் பக்கச்சுவரை அதே அளவுக்குக் குறைக்க வேண்டும். டயரோடு சேர்த்த மொத்த விட்டம் ஏறக்குறைய பழையபடியே இருக்க வேண்டும்.

கணக்கு எளிது. ரிம் இன்ச்சை 25.4 ஆல் பெருக்குங்கள். அதோடு பக்கச்சுவர் உயரத்தின் இரண்டு மடங்கைக் கூட்டுங்கள்.

185/60 ஆர்14: மொத்த விட்டம் 577.6 மி.மீ.

195/50 ஆர்15: 576 மி.மீ. வித்தியாசம் அரை சதவிகிதம்கூட இல்லை.

195/45 ஆர்16: 581.9 மி.மீ. முக்கால் சதவிகிதம் கூடுதல்.

205/40 ஆர்17: 595.8 மி.மீ. 3 சதவிகிதத்துக்கும் மேல் கூடுதல்.

விட்டம் கூடினால் என்ன ஆகும்? சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது கார் கூடுதல் தூரம் போகும். ஆனால், ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. முள் 100-ல் நிற்கும்போது, கார் 103-ல் போய்க்கொண்டிருக்கும். ஓடோமீட்டரும் தூரத்தைக் குறைத்துக் காட்டும். பிக்-அப் மந்தமாகும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியும் சுருங்கும். பொதுவாக இந்த வித்தியாசத்தை 2 சதவிகிதத்துக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஒன்றுக்குள் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தப் பட்டியலில் 15 இன்ச் அளவு பளிச்சென்று பொருந்துவதைக் கவனித்தீர்களா? அமெரிக்காவில் பழைய எம்.எக்ஸ்-5 கார்களை வைத்தே நடக்கும் 'ஸ்பெக் மியாட்டா' பந்தயங்களிலும் 15 இன்ச் வீல்தான். வேகத்துக்காகவே ஓட்டுகிறவர்கள்கூட ஒரு இன்ச்சோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு ஆச்சர்யம், ஃபார்முலா 1. உலகின் அதிவேகப் பந்தயக் கார்கள் 2021 வரை ஓடியது 13 இன்ச் ரிம்மில்தான். 2022-ல்தான் 18 இன்ச்சுக்கு மாறின. அதாவது, நம் தாத்தாக்கள் ஓட்டிய சென்னைத் தயாரிப்பான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் ரிம் விட்டமும், 2021 சாம்பியன் காரின் ரிம் விட்டமும் ஒன்றே! ரிம் பெரிதாக இருந்தால்தான் வேகம் என்பதில்லை.

2 மி.மீ. வித்தியாசம்... பெரிய ஆபத்து

இன்ச் சரியாக இருந்தால் மட்டும் வீல் பொருந்திவிடாது. அடுத்தது பி.சி.டி. நட்டுத் துளைகளின் மையங்களை எல்லாம் இணைத்து ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் விட்டம்தான் பி.சி.டி. நான்கு துளை, 100 மி.மீ. என்றால் 4x100 என்று எழுதுவார்கள்.

நம்மூரில் ரசிகர்கள் இன்னும் தேடிப் பிடித்து வாங்கும் பழைய ஸ்போர்ட்டி கார்களைப் பாருங்கள். ஹோண்டா சிட்டி வி-டெக் 4x100. ஃபோர்டு ஃபியஸ்ட்டா 1.6 எஸ் 4x108. ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ். 5x100. 2001-ல் இந்தியாவுக்கு வந்த ஃபியட் பாலியோவின் 1.6 ஜி.டி.எக்ஸ். மட்டும் 4x98.

இந்த 98-தான் வம்பு. 98-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. 4x100 வீலை ஃபியட் ஹப்பில் வைத்து போல்ட்டை இறுக்கினால், இறுகிவிட்டது போலவே தெரியும். ஆனால், ஒவ்வொரு போல்ட்டும் 1 மி.மீ. இழுபட்டு, சாய்ந்த நிலையில் உட்கார்ந்திருக்கும். ஓட ஓட அது தளரும், அல்லது விண்டுபோகும். "அதெல்லாம் டைட் பண்ணா உட்கார்ந்துக்கும்" என்று யாராவது சொன்னால், அந்தக் கடையிலிருந்து கிளம்பிவிடுவது உத்தமம்.

பழைய காரில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 1961-ல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கத் தொடங்கிய ஹெரால்டின் பி.சி.டி. மூன்றே முக்கால் இன்ச், அதாவது 95.25 மி.மீ. இங்கிலாந்தில் இதே ஹெரால்டின் சேசிஸைச் சுருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்கினார்கள். அதிலும் அதே அளவு துளைகள்தான். அதனால்தான் பழைய ஹெரால்டை வைத்திருக்கும் ஆர்வலர்கள், உள்ளூர்க் கடைகளில் அலாய் தேடி அலைவதை விட்டுவிட்டு, ஸ்பிட்ஃபயர் காருக்கான வீல்களைத் தேடலாம். தன் காரின் உறவுக்கார மாடல் எது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

வீட்டிலேயே அளப்பது எப்படி? நான்கு துளை வீலில், எதிரெதிரே இருக்கும் இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் அதுவே பி.சி.டி. ஐந்து துளை என்றால், பக்கத்துப் பக்கத்துத் துளைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து 0.588 ஆல் வகுங்கள். 58.8 மி.மீ. வந்தால் பி.சி.டி. 100. டேப்பைவிட வெர்னியர் காலிப்பரில் அளப்பது நல்லது. பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் வேலை சுலபம்!

நடுத் துளையை மறக்காதீங்க

வீலின் நடுவில் இருக்கும் பெரிய துளைக்கு சென்டர் போர் என்று பெயர். பெரும்பாலான கார்களில் ஹப்பின் நடுப்பகுதி இந்தத் துளைக்குள் கச்சிதமாக உட்கார்ந்து, வீலை மையத்தில் பிடித்துக்கொள்ளும். பழைய ஹோண்டா சிட்டிக்கு இது 56.1 மி.மீ. பாலியோவுக்கு 58.1. ஃபியஸ்ட்டாவுக்கு 63.4.

வெளிச்சந்தை அலாய்களில் பல கார்களுக்கும் பொருந்தட்டும் என்று இந்தத் துளையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். அப்படியே மாட்டினால் வீல் நூலளவு விலகி உட்காரலாம். 80 கி.மீ. வேகத்தைத் தாண்டும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பேலன்சிங் எத்தனை முறை பார்த்தாலும் அந்த நடுக்கம் போகாது. தீர்வு மிக எளிது, ஹப் ரிங். உள்ளளவு உங்கள் ஹப்புக்கும், வெளியளவு புது வீலுக்கும் பொருந்தும் வளையம் அது. வீலின் துளை ஹப்பைவிடச் சிறியதாக இருந்தால் மாட்டவே முடியாது. அதைக் கடைந்து பெரிதாக்கும் யோசனை வேண்டாம்.

வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு?

அடுத்தது ஆஃப்செட். வீலின் பின்புறம் 'இ.டி. 45' என்பது போலப் பொறித்திருப்பார்கள். வீலின் அகலத்துக்கு நட்டநடுக் கோட்டிலிருந்து, ஹப்பில் ஒட்டும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கிறது என்பதே இந்த எண். எண் குறையக் குறைய வீல் வெளியே துருத்தும். எண் கூடினால் வீல் உள்ளே போகும்.

பழைய வீல் 5.5 இன்ச் அகலம், இ.டி. 45 என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 6 இன்ச் அகலம், இ.டி. 40 வாங்கினால், வெளிப்பக்கம் சுமார் 11 மி.மீ. கூடும். உள்பக்கம் 1 மி.மீ.தான் கூடும். பெரும்பாலும் பிரச்னை இருக்காது. அதுவே 7 இன்ச் அகலம், இ.டி. 38 என்றால்? வெளியே 26 மி.மீ. துருத்தும், உள்ளேயும் 12 மி.மீ. கூடும். வெளியே மட்கார்டு, உள்ளே சஸ்பென்ஷன் என இரண்டு பக்கமும் உரச வாய்ப்பு உண்டு. மழைக்காலத்தில் சேறு கதவு வரைக்கும் அடிக்கும். வீல் பேரிங்கிலும் சுமை ஏறும். 20 வருடம் ஓடிய பேரிங் அதை எத்தனை நாள் தாங்கும்?

இத்தனையும் சரியாக இருந்தாலும், ஸ்போக்கின் பின்பக்கம் பிரேக் கேலிப்பரில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயர் ஏற்றுவதற்கு முன்பே வெறும் வீலை மாட்டிக் கையால் சுற்றிப் பாருங்கள். டயர் ஏற்றிவிட்டால் பல கடைகளில் வீலைத் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

நம்ம ரோட்டுக்கு எது தாங்கும்?

பக்கச்சுவர் என்பது டயரின் மெத்தை. 14 இன்ச்சில் 111 மி.மீ. இருந்த மெத்தை, 15 இன்ச்சில் 97.5 ஆகிறது. 17 இன்ச்சில் 82 மி.மீ.தான். நான்குவழிச் சாலையில் இந்த வித்தியாசம் சுகமாகக்கூட இருக்கலாம். வளைவுகளில் டயர் குழையாது, ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்கும். ஆனால், சர்வீஸ் ரோட்டில் இறங்கி, வெள்ளைக்கோடு அடிக்காத வேகத்தடைகளைத் தாண்டி, மழையில் பெயர்ந்த கிராமச் சாலைக்குள் நுழையும்போது கதை மாறும். பள்ளத்தில் விழுந்த அடி டயரைத் தாண்டி நேராக ரிம்முக்குப் போகும்.

இரும்பு டிஸ்க் என்றால் நெளியும். பஞ்சர் கடையில் தட்டி எடுத்துவிடலாம். அலாய் அப்படியில்லை, விரிசல் விடலாம். விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்து ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. காற்றழுத்தத்தையும் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியிருக்கும். மெத்தை குறைந்த டயரில் காற்றும் குறைந்தால் ரிம்முக்குப் பாதுகாப்பே இல்லை.

எடை இன்னொரு விஷயம். விலை மலிவான பெரிய வார்ப்பு அலாய்கள், பழைய சிறிய இரும்பு டிஸ்க்கைவிடக் கனமாகவே இருக்கலாம். ஸ்பிரிங்குக்குக் கீழே எடை கூடினால், ஷாக் அப்சார்பருக்கு வேலை கூடும், பிரேக்குக்கும் வேலை கூடும். வாங்கும்போது வீலை ஒரு தராசில் வைத்துப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

வீலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஜப்பான் தயாரிப்பு என்றால் ஜே.டபிள்யூ.எல். முத்திரை இருக்கும். டயரில் நான்கு இலக்கத் தேதி எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், பல வருடம் குடோனில் கிடந்த டயர் வேண்டாம். புது டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையவே கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது.

அதனால் பாதுகாப்பான வழி ஒன்று உண்டு. உங்கள் காரின் ஓனர்ஸ் மேனுவலை எடுங்கள். அதே மாடலின் டாப் வேரியன்ட்டுக்கு நிறுவனமே என்ன வீல், என்ன டயர் கொடுத்தது என்று பாருங்கள். அந்த அளவுக்குப் போவதில் சிக்கல் மிகக் குறைவு. அதைத் தாண்டுவதாக இருந்தால், முன்கூட்டியே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் எழுத்துபூர்வமாகத் தெரிவியுங்கள். விபத்து நடந்த பிறகு சர்வேயர் வந்து வீலைக் கேள்வி கேட்கும் நிலை வேண்டாம். கார் பெங்களூரு பதிவெண்ணில் இருந்தால், வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும்போது மறுபதிவு அவசியம் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாட்டிய பிறகு...

புது வீல் மாட்டியதும் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுவதுமாக ஒடித்துப் பாருங்கள். பிறகு நான்கைந்து பேரை உட்கார வைத்து, ஒரு வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்குங்கள். மட்கார்டின் உள்விளிம்பில் முன்பே சாக்பீஸால் கோடு போட்டுவைத்தால், உரசிய இடம் தானே காட்டிக்கொடுத்துவிடும். காலி வண்டியில் உரசாதது, குடும்பத்தோடு போகும்போது உரசலாம்.

நட்டு விஷயத்திலும் கவனம் தேவை. ஹோண்டாவின் ஒரிஜினல் நட்டின் அடிப்பகுதி உருண்டையாக இருக்கும். வெளிச்சந்தை அலாய்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்கானவை. பழைய நட்டையே போட்டால் முழுமையாகப் பதியாது. டார்க் ரென்ச்சால் மேனுவலில் சொன்ன அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். 80 முதல் 100 கி.மீ. ஓட்டியதும் மறுபடியும் ஒருமுறை இறுக்கம் பார்க்க வேண்டும்.

சரி, நம் பாப்பாரப்பட்டி இளைஞருக்கு என்ன பதில்? 17 இன்ச் வேண்டாம். அவர் கார் மாடலின் டாப் வேரியன்ட்டில் நிறுவனம் 15 இன்ச் கொடுத்திருந்தால், 195/50 ஆர்15 டயரோடு 6 இன்ச் அகல அலாய், சரியான பி.சி.டி., ஹப் ரிங், பொருத்தமான நட்டு. மட்கார்டு நிறைந்தது போலவும் இருக்கும், ஒகேனக்கல் வளைவுகளில் அப்பா பின்சீட்டில் நிம்மதியாகவும் உட்காரலாம். 17-க்கு ஆகும் செலவில் மிச்சமாவதை பிரேக் பேடுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போடலாம். 20 வருடம் ஓடிய காருக்கு அதுதான் முதல் தேவை.

கடைசியாக ஒன்று. டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி இன்னும் பழைய 14 இன்ச் இரும்பு டிஸ்க்தான். மொத்த விட்டம் ஒன்றாக இருப்பதால் அவசரத்துக்கு அதை மாட்டிப் பக்கத்து ஊர் வரை மெதுவாகப் போய்விடலாம். ஆனால், அலாய்க்கு வாங்கிய புது நட்டு அந்த இரும்பு டிஸ்க்குக்குப் பொருந்தாமல் போகலாம். பழைய நட்டுகளில் ஒரு செட்டைத் துணியில் முடிந்து, ஜாக்கியோடு சேர்த்து டிக்கியில் போட்டு வையுங்கள். ராத்திரி நேரத்தில், ஆளில்லாத ரோட்டில் பஞ்சரானால், உங்களை வீடு கொண்டுவந்து சேர்க்கப்போவது அந்த நான்கு பழைய நட்டுகள்தான்.